தொழில்வழி மருத்துவக் காப்பீடு: தாங்கக்கூடியதா என அறிவது எப்படி?

உழைத்துப் பிழைக்கும் ஒருவர் நோயுற்றால், அவர் வீட்டில் பணம் இரு வழியாகக் குறைகிறது. மருந்துக்காகப் பணம் வெளியே செல்கிறது. கூலியாக வரவேண்டிய பணம் உள்ளே வாராது நின்றுவிடுகிறது. இவ்விரு இழப்பையும் தாங்குவதற்காக எழுந்ததே தொழில்வழி மருத்துவக் காப்பீடு. ஆயின், அக்காப்பீடு நம் வருவாய்க்குத் தாங்கக்கூடியதா என்பதை எங்ஙனம் அறிவது? நேயர்களே, இன்று நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே.

இம்முறைக்கு முதன்முதல் சட்டவடிவம் தந்த நாடு ஜெர்மனி. 1883-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, காப்பீட்டுத் தொகையில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். நம் நாட்டில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் பிறந்தது. ‘ஈ.எஸ்.ஐ.’ என நாம் வழங்கும் திட்டம் இதுவே. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது.

ஜெர்மனியின் பழைய முறைக்கு மாறாக, இங்கு முதலாளியின் பங்கே பெரிது. 2019 ஜூலை முதல், கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கு தொழிலாளியும், மூன்றேகால் பங்கு முதலாளியும் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. நாட்கூலி 400 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் உழைப்பவருக்குக் கூலி 10,000 ரூபாய். அதில் அவர் பங்கு 75 ரூபாய். ஆண்டு முழுமைக்கும் 900 ரூபாய்.

இத்தொகைக்கு அவர் பெறுவது யாது? அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. அதனோடு, அவர் நோயுற்றுக் கிடக்கும் நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டில் 91 நாள் வரை உண்டு. முதல் இரு நாட்கள் பொதுவாகக் கணக்கில் சேரா. 20 நாள் படுத்தவர் 18 நாளுக்கு, நாளொன்றுக்கு 280 ரூபாய் வீதம், 5,040 ரூபாய் பெறுவார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாட்களுக்கேனும் அவர் பெயரில் தொகை செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

நான் பள்ளியில் விழுக்காட்டுக் கணக்குக் கற்பித்த நாட்களில், மாணவர் விடை சொன்னவுடன், ‘எதில் நூற்றுக்கு இத்தனை?’ என்று வினவுவது வழக்கம். அவ்வினா இங்கும் இன்றியமையாதது. அமெரிக்க நாட்டில் 2010-இல் இயற்றிய சட்டம், காப்பீட்டுக்காகத் தொழிலாளி செலுத்தும் பங்கு குடும்ப வருவாயில் நூற்றுக்கு 9.5-க்கு மேற்படலாகாது என 2014-க்கு ஓர் எல்லை வகுத்தது. பின்னர் அவ்வெல்லை ஆண்டுதோறும் சிறிது மாறி வருகிறது. எல்லையைத் தாண்டினால், வெளியே காப்பீடு வாங்க அரசின் உதவி கிடைக்கும். ஆயினும் 2022 வரை, தொழிலாளி ஒருவருக்கு மட்டும் ஆகும் தொகையையே அளந்தனர். அத்தொகை சிறிதாயிருந்தால், மனைவி மக்களைச் சேர்க்க எவ்வளவு மிகுதியாக ஆனாலும், ‘தாங்கக்கூடியதே’ என்று தீர்ப்பாயிற்று. 2023 முதல் குடும்பத்துக்காகும் தொகையைத் தனியே அளக்கின்றனர்.

சேலத்தில் ஒருவர் 30,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார் என்று கொள்வோம். 2017-இல் ஈ.எஸ்.ஐ.க்கு வகுத்த 21,000 ரூபாய் வரம்பை அவர் ஊதியம் கடந்துவிட்டது. நிறுவனம் தரும் தனியார் காப்பீட்டுக்கு அவர் பங்கு 300 ரூபாய். குடும்பத்தையும் சேர்த்தால் 1,800 ரூபாய். முன்னது நூற்றுக்கு 1; பின்னது 6. ஊதியம் ஒன்றே, அளவுகோல் மாறியதால் விடை மாறிற்று.

இனி, எங்கள் கொட்டச்சேட்டுக்கு வருவோம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளர்க்கு உரியது வேறு வழி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி செய்துதரும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மீதே வைத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு புதிய வாயில் ஒன்றைத் திறந்துள்ளது. தாம் அளிக்கும் வசதியைவிட ஈ.எஸ்.ஐ. நன்மைகள் மேலானவையாயின், தோட்ட உரிமையாளர் விரும்பி அதில் சேரலாம்.

எது மேலானது? பிடித்தம் இல்லை என்பதனாலேயே ஒன்று மலிவாகிவிடாது. தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவர் இராவிடின், இலவசம் என்பது பெயரளவே. அவ்வாறே, 75 ரூபாய்க்குப் பெரிய மருத்துவம் கிடைப்பினும், அதற்காகக் குப்பனூர்ச் சாலை வழியே மலையிறங்கிச் சேலம் செல்ல வேண்டுமாயின், நோயாளிக்கும் துணைக்கும் பேருந்துக் கட்டணமும், துணை வருபவரின் ஒருநாட் கூலியும் கணக்கில் ஏறும். சமவெளியில் மலிவாக உள்ளது மலைமேல் அவ்வாறே இருக்கும் என்பதற்கில்லை.

ஆதலின், எந்தக் காப்பீட்டைப் பற்றியும் நான்கு வினாக்களை எழுப்புக. குடும்பம் முழுமைக்கும் என் பங்கு எவ்வளவு? அது குடும்ப வருவாயில் நூற்றுக்கு எத்தனை? நோய் வந்தபின் கைப்பணம் எவ்வளவு செல்லும்? படுத்த நாட்களுக்குக் கூலி உண்டா? முதல் இரண்டும் நலமாயிருக்கும் காலத்துக் கணக்கு. பின்னிரண்டும் நோயுற்ற காலத்துக் கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்த்து, கடன் வாங்காமல் தாங்க இயலுமாயின், அதுவே நமக்கு ஏற்ற காப்பீடு.

இக்கணக்குக்குக் கூட்டலும் வகுத்தலும் போதும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், கூலிச் சீட்டை அவர்கள் கையில் கொடுத்தே போட்டுப் பார்க்கலாம். உடல்நலத்தோடு இருக்கும்போதே போட்டு வைத்தல் நலம்.