லெசோத்தோ: கூட்டணியின் மேல் விழுந்த பழி

நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, நடுவே மலைமேல் அமர்ந்திருக்கும் சிறிய முடியரசு லெசோத்தோ. மன்னர் மூன்றாம் லெட்சிக்கு மகுடம் மட்டும்தான். ஆட்சிப் பொறுப்பு நாடாளுமன்றத்திடம். மக்கள்தொகை 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். இந்தச் சிறு நாடு 2012, 2015, 2017 என ஐந்தே ஆண்டுகளில் மூன்று பொதுத்தேர்தல்களை நடத்தியது. மூன்றிலும் தனிப் பெரும்பான்மை யாருக்கும் கிடைக்கவில்லை, அமைந்த கூட்டணி அரசு எதுவும் நிலைக்கவில்லை. எனவே, வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம்தான் நாட்டைக் குலைத்தது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் லெசோத்தோவின் தேர்தல் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால் அந்த முடிவு நிற்காது.

கூட்டணி என்ற பேச்சே எழாத காலத்தில் அங்கே என்ன நடந்தது? 1966-இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் லெபுவா ஜொனதன், 1970 தேர்தலில் தோற்கும் நிலை வந்ததும் அரசியல் சாசனத்தை முடக்கிப் பதவியில் ஒட்டிக்கொண்டார். 1986-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. 1993-இல் மீண்டும் தேர்தல் வந்தபோது பசூட்டோலாந்து காங்கிரஸ் 65 இடங்களையும் வாரிக்கொண்டது. எதிர்க்கட்சியே இல்லாத அந்த அவையிலும் நிலைத்தன்மை வரவில்லை. 1997-இல் பிரதமர் மொகேலே பெரும்பாலான உறுப்பினர்களோடு வெளியேறி லெசோத்தோ ஜனநாயகக் காங்கிரஸைத் தொடங்கினார். மக்கள் ஒருபோதும் வாக்களித்திராத கட்சி ஒரே நாளில் ஆளுங்கட்சியானது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி 60 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன் 80 இடங்களில் 79-ஐப் பிடித்தது. ஏறத்தாழ கால்வாசி வாக்கு வாங்கிய பசூட்டோ தேசியக் கட்சிக்கு மிஞ்சியது ஒரே இடம். தோற்றவர்கள் அரண்மனை வாசலில் திரண்டார்கள், ராணுவத்துக்குள்ளும் கலகம் மூண்டது. செப்டம்பரில் தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானாப் படைகள் நுழைந்தன. தலைநகர் மசேருவின் கடைவீதி எரிந்தது. தொகுதி வெற்றியையும் விகிதாசாரத்தையும் சேர்த்த கலப்பு முறை இந்தச் சாம்பலிலிருந்து பிறந்தது. 80 தொகுதிகளோடு, கட்சிகளின் மொத்த வாக்குக்கு ஏற்ப ஈடுகட்டும் 40 இடங்கள் சேர்க்கப்பட்டன. 2002-இல் ஒரு தொகுதியும் வெல்லாத தேசியக் கட்சி 21 உறுப்பினர்களுடன் அவைக்குள் வந்தது. வீதியில் நின்றவர்களுக்கு நாற்காலி கொடுத்த ஏற்பாடு அது.

முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. 2007-இல் பெரிய கட்சிகள் சிறிய கட்சிகளை நிழலாக நிறுத்தி, கட்சிப் பட்டியலுக்கான இரண்டாம் வாக்கை அவற்றுக்குப் போடச் சொல்லி ஈட்டு இடங்களையும் அள்ளின. அந்த வாசலை அடைக்கத்தான் பிறகு இரண்டு வாக்குக்குப் பதில் ஒரே வாக்கு வந்தது. இன்னொரு குறையையும் மறுக்க முடியாது: ஐந்து இடமுள்ள கட்சி ஆட்சியின் விதியைத் தீர்மானிக்கிறது. 2012-இல் டாம் தபானேயின் மூன்று கட்சிக் கூட்டணிக்கு 30, 26, 5 என்று 120-இல் 61 இடங்களே இருந்தன. ஆனால் அதே 2012-இல்தான், வாக்குச்சீட்டால் பதவியிழந்த ஒரு பிரதமர், பகலித்தா மொசிசிலி, சண்டையின்றி விலகினார். விடுதலைக்குப் பிறகு அது முதல் முறை. இதைச் சாத்தியமாக்கிய முறையைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தபானே அரசு கவிழ்ந்த விதமே உண்மையான காரணத்தைக் காட்டுகிறது. கூட்டாளிகள் ஆதரவை விலக்கப்போவது தெரிந்ததும் 2014 ஜூனில் அவர் நாடாளுமன்றத்தையே முடக்கினார். ஆகஸ்ட் 30-இல் ராணுவத்தினர் காவல் தலைமையகத்தைச் சூழ்ந்தார்கள், பிரதமர் எல்லை தாண்டி ஓடினார். ஆக, கோளாறு மூன்று இடங்களில் இருந்தது. கட்சியை உடைத்தால் தண்டனை இருக்கவில்லை. அவையை மூடும் அதிகாரம் பிரதமரிடம் இருந்தது. படைத்தலைமையோ கட்சிகளின் பிடியில் இருந்தது. சுரங்க வேலைகள் குறைந்துவிட்ட நாட்டில் அமைச்சர் பதவியே பெரிய பிழைப்பு என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். பழைய தேர்தல் முறைக்குத் திரும்புவதால் இவற்றில் எது சரியாகும்?

படைத்தலைமையின் தலையீடு பிறகும் ஓயவில்லை. 2022 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு கட்சி தொடங்கிய தொழிலதிபர் சாம் மதெகானே 56 இடங்களை வென்றார். இரண்டு சிறு கட்சிகளைச் சேர்த்து 65 ஆக்கி ஆட்சி அமைத்தார். மறு ஆண்டே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அரசைக் கவிழ்க்க விடமாட்டோம் என்று ராணுவ, காவல், உளவுத்துறைத் தலைவர்கள் கூட்டாக அறிவித்தார்கள்.