வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்: 1984 இறுதிப் பருவம் உணர்த்தும் பாடம்

1984 ஆம் ஆண்டு ஒக்டோபர் 3 ஆம் திகதி ரொறன்ரோ நகரில் நடைபெற்ற போட்டியில் சிக்காகோ ஸ்டிங் அணி, ரொறன்ரோ பிளிசார்ட் அணியை 3-2 என வென்று வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் சம்பியன் பட்டத்தைச் சுவீகரித்தது. இரு தினங்களுக்கு முன்னர் சிக்காகோவில் நடைபெற்ற ஆட்டத்திலும் அவ்வணியே 2-1 என வெற்றியீட்டியிருந்தது. ஆனால், அந்த லீக்கின் கடைசிப் போட்டியாகவும் அதுவே அமைந்தது. ஆறு மாதங்கள் நிறைவடைவதற்குள், 1985 மார்ச் மாத இறுதியில், லீக் தனது செயற்பாடுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த பருவத்தில் பங்குபற்ற முன்வந்திருந்த அணிகள் இரண்டு மாத்திரமே. சம்பியனான சிக்காகோ கூட உள்ளரங்க உதைபந்தாட்டத்தை நாடிச் சென்றுவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவையும் கனடாவையும் களமாகக் கொண்டு 1968 இல் ஆரம்பமான இந்த லீக்கிற்கு இத்தகைய முடிவு நேருமென எழுபதுகளில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நியூயோர்க் கொஸ்மோஸ் கழகம் 1975 இல் பெலேயை ஒப்பந்தம் செய்தது. 1977 இல் ஜேர்மனியின் பெக்கன்பவரும் பிரேசிலின் கார்லோஸ் அல்பேர்ட்டோவும் அவருடன் இணைந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் நடைபெற்ற கொஸ்மோஸின் போட்டியொன்றைக் காண 77,691 பேர் திரண்டனர்.

வீழ்ச்சிக்கான வித்தும் அந்த வெற்றியிலேயே இருந்தது எனலாம். 1977 இல் 18 ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை மறு ஆண்டிலேயே 24 ஆக உயர்த்தப்பட்டது. வோர்னர் கொம்யூனிகேஷன்ஸ் என்ற பெரு நிறுவனத்தின் பணபலம் கொஸ்மோஸின் பின்னால் இருந்தது. அத்தகைய பலமற்ற கழகங்களும் வெளிநாட்டு நட்சத்திரங்களுக்காக அதனுடன் போட்டியிட்டுச் செலவிட முற்பட்டன. வருமானமோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1979 இல் ஏபிசி தொலைக்காட்சியுடன் ஏற்பட்ட ஒளிபரப்பு உடன்பாடும் எதிர்பார்த்த நேயர்களைப் பெற்றுத்தராமல் 1980 உடன் முடிவுக்கு வந்தது.

அதன் பின்னர் சரிவு வேகமடைந்தது. அணிகள் 1981 இல் 21, 1982 இல் 14, 1983 இல் 12, 1984 இல் 9 எனக் குறைந்தன. 1986 உலகக் கிண்ணப் போட்டிகளை நடத்தும் வாய்ப்புக் கிட்டினால் லீக் மீளும் என்ற நம்பிக்கையும், 1983 மே மாதம் அவ்வாய்ப்பு மெக்ஸிக்கோவுக்கு வழங்கப்பட்டதுடன் தகர்ந்தது. அட்டாரி நிறுவனத்தால் பெரும் நட்டத்தைச் சந்தித்த வோர்னர், கொஸ்மோஸின் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. ஒருகாலத்தில் லீக்கின் முகமாக விளங்கிய அக்கழகத்தினால் 1984 இல் அரையிறுதிக்கேனும் தகுதிபெற முடியவில்லை. சம்பளங்களுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

இதன் பாதிப்பைச் சுமந்தவர்கள் வீரர்களும் ரசிகர்களுமே. 1983 இன் சம்பியனான டல்சா அணி மறு பருவத்திலும் களமிறங்குவதற்கு ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிண்ணம் வென்ற கழகத்துக்கே இந்நிலையெனில் ஏனையவற்றைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. உள்நாட்டு வீரர்களின் வளர்ச்சியும் நீண்டகாலமாகப் பின்தள்ளப்பட்டிருந்தது. அக்குறையைப் போக்க, அமெரிக்கத் தேசிய அணியையே 1983 இல் லீக்கில் ஒரு கழகமாகச் சேர்த்த முயற்சியும் ஒரே பருவத்துடன் கைவிடப்பட்டது.

எனினும் அந்த லீக் ஊட்டிய ஆர்வம் முற்றாக அழிந்துவிடவில்லை. 1994 இல் உலகக் கிண்ணம் அமெரிக்காவில் நடைபெற்றது. 1996 இல் பத்து அணிகளுடன் ஆரம்பமான மேஜர் லீக், வீரர்களின் ஒப்பந்தங்களை லீக்கின் பொறுப்பிலேயே வைத்து, சம்பள உச்சவரம்பை ஆரம்பத்திலேயே நடைமுறைப்படுத்தியது. முன்னையது இறுதியில் நாடிய மருந்தைப் பின்னையது முதலிலேயே உட்கொண்டது.

நட்சத்திரங்கள் மைதானத்தை ஒருநாள் நிரப்பலாம். ஆனால் வரவுக்கேற்ற செலவும், சொந்த மண்ணில் உருவாகும் வீரர்களும் இன்றி எந்தவொரு லீக்கும் நிலைக்காது. விளையாட்டை வர்த்தகமாக மட்டும் நோக்குவோர் 1984 இன் பருவத்தை மறந்துவிடலாகாது.