கணக்கைக் காட்டிவிட்டுக் கையை நீட்டட்டும்!

குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான நம் கீரனூரில், ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் பேரூராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறார்கள். கையோடு ரசீது பெறுகிறார்கள். வரி கூடினால், வார்டு உறுப்பினரை வழிமறித்துக் கேட்கலாம். அவர் மழுப்பினால், தேர்தலில் பதில் சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, செலவுக் கணக்கையும் கேட்கலாம்.

ஆனால், இதே மண்ணிலிருந்து பிழைப்புக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் சென்று, அப்பன் பாட்டன் நிலத்தை விற்றும், வங்கியிலே கடன்பட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினார்களே நம் பிள்ளைகள், அவர்கள் நிலை என்ன? மாதந்தோறும் ‘மெயின்டனன்ஸ்’ என்ற பெயரில் இன்னொரு வரி! சென்ற ஆண்டு ஒரு தொகை; இந்த ஆண்டு அதற்கு மேல் ஒரு தொகை. ஏன் என்று கேட்டால், “விலைவாசி ஏறிவிட்டது” என்ற ஒற்றை வரிப் பதில்!

விலைவாசி ஏறியது மெய்தான். லிப்டும் மோட்டாரும் மின்சாரமின்றி ஓடா. காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் கூலியைக் குறைத்துக் கட்டணத்தைக் குறையுங்கள் என்று சொல்பவர்கள் அல்லர் நாம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே: கணக்கு எங்கே?

சட்டம் ஊமையாக இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டுக்காரர் சங்கம் பொறுப்பேற்கும் வரையில், கட்டிய நிறுவனமே நியாயமான கட்டணத்தில் பராமரிக்க வேண்டும் என்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து முறையிட்டால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, மூன்றாம் ஆண்டிலேயே ஒழுகும் மொட்டை மாடிக்குப் பூசிய செலவைக் குடியிருப்போர் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

வரியின் பெயரால் நடப்பதையும் பாருங்கள். சங்கம் வசூலிக்கும் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் 18 சதவீத சரக்கு-சேவை வரி. மூவாயிரம் கட்டுபவரிடம் சங்கம் அந்த வரியைக் கேட்குமானால், எதற்கு என்று கேட்க வேண்டாமா?

கடல் கடந்த நாட்டையும் பார்ப்போம். இலண்டனில் நம் தமிழர் பலர் வாங்கியிருப்பது குத்தகை வீடு. ஆண்டுக்கணக்கில் குடியிருக்கலாம், ஆனால் நிலம் வேறொருவருடையது. அங்கும் பராமரிப்புக் கட்டண உயர்வு பெருங்குமுறல்தான். எனினும் 1985ஆம் ஆண்டின் சட்டப்படி, கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும். செலவுச் சீட்டுகளைப் பார்க்கக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. பழுது வேலையில் ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டுமானால், முன்கூட்டியே அவர்களைக் கலந்தாக வேண்டும். மிகையென்று தோன்றினால் தீர்ப்பாயம் செல்லலாம்.

குத்தகைக்காரனுக்கே அங்கு அவ்வளவு உரிமை! இங்கோ, நிலத்தில் பிரிபடாத பாகம் பத்திரத்திலேயே எழுதப்பட்ட சொந்தக்காரர்கள் நாம். சொந்தக்காரன் வாய்மூடி நிற்பதா?

பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். தனியாளாகக் கட்டணத்தை நிறுத்தாதீர். அது பக்கத்து வீட்டுக்காரனைத்தான் வருத்தும். ஒன்றுகூடுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். பொதுக்குழு கூடாமல் கட்டண உயர்வு இல்லை என்று தீர்மானியுங்கள். பெரிய வேலைக்கு மூன்று விலைப்புள்ளி கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். கட்டிய நிறுவனம் கைவிரித்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் கதவைத் தட்டுங்கள்.

பணம் கட்டுவது கடமை. கணக்குக் கேட்பது உரிமை. கடமையை மட்டும் நினைவூட்டுபவர்களுக்கு, உரிமையை நாம் நினைவூட்டுவோம்!