ஆனந்த பர்வதத்தில் ஒரு சங்கேத ஆய்வாளர்

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலை கேரளத்திலும், அதனையடுத்த களியக்காவிளை அன்றைய சென்னை மாநிலத்திலும் அமைந்தன. இவ்வெல்லைச் சிற்றூர்களில் தமிழ் மட்டுமே கற்ற மாணவனுக்கு மலையாளப் பெயர்ப்பலகை புதிராகத் தோன்றலாம்; ஆயின் அது இரகசியமன்று. ஓர் ஒலிக்கு என்றும் ஒரே வடிவம் வருவதால், தான் அறிந்த ஊர்ப்பெயர்கள் சிலவற்றை ஒப்பிட்டே அவ்வெழுத்துக்களை அவன் கண்டுகொள்வான். இரகசியச் செய்தி அனுப்புவோர் குலைக்க முயல்வது இந்த ஒழுங்கையே. குலைத்த பின்னும் எஞ்சி நிற்கும் ஒழுங்கைத் தேடுவது சங்கேத ஆய்வாளரின் தொழில்.

இரண்டாம் உலகப் போரில் இத்தொழில் நம் நாட்டில் பெருமளவில் நடைபெற்ற இடம் தில்லி. அங்கு ஆனந்த பர்வதம் என்னும் குன்றின் மீதிருந்த ராம்ஜாஸ் கல்லூரிக் கட்டிடங்களில் கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இராணுவ நிலையம் ஒன்று இயங்கியது. பெங்களூரிலும் பராக்பூரிலும் அதன் கிளைகள் இருந்தன. ஜப்பானியச் செய்திகளை வானொலியில் ஒட்டுக்கேட்டு எழுதி, அவற்றின் பொருளைக் காண்பதே அதன் பணி.

அங்குப் பணியாற்றியவர்களுள் ஒருவர் வில்பிரட் நாய்ஸ். 1917-இல் சிம்லாவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் இலக்கியமும் மொழிகளும் பயின்றவர், மலையேறுவதில் பெருவிருப்பினர். போர் மூண்டபோது, கொல்லும் தொழிலை ஏற்க மனமின்றி, நண்பர்கள் சங்கத்தின் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்தார். பின்னர் அந்நிலையை மாற்றிக்கொண்டு இராணுவத்தில் புகுந்து, உளவுப் பிரிவில் காப்டன் ஆனார்.

ஜப்பானியத் தரைப்படையின் கப்பல் போக்குவரத்துச் சங்கேதத்திற்கு 2468 என்பது அடையாள எண். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு இலக்க எண் ஒன்றைக் குறியீட்டு நூல் தரும். அதன் மீது மற்றோர் எண்ணைக் கூட்டி மறைப்பர். கூட்டும்போது மீதியை அடுத்த இடத்திற்குக் கொண்டுசெல்வதில்லை. கற்பனையாக ஓர் உதாரணம் கொள்வோம். 'துறைமுகம்' என்பதன் எண் 4172, மறைப்பெண் 6859 எனில், அனுப்பப்படுவது 0921. மறைப்பெண் 3340 ஆயின், அதே சொல் 7412 ஆகிவிடும். ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேடம் பூணுகிறது.

ஆனால் ஒரே மறைப்பெண் இருமுறை பயன்பட்டால் கதை வேறு. 'கப்பல்' என்பதற்கு 5038 என வைத்து, முன்போலவே 6859-ஐக் கூட்டினால் 1887 வரும். இதிலிருந்து 0921-ஐக் கடன் வாங்காமல் கழித்தால் 1966. 5038-இலிருந்து 4172-ஐ அவ்வாறே கழித்தாலும் 1966. மறைப்பெண் தானே நீங்கிவிட்டது! வகுப்பில் கரும்பலகையில் செய்து காட்டத் தக்க கணக்கு இது. உண்மையான முறை இதனினும் சிக்கலானது. எனினும் அதன் உயிர்நாடி இதுவே.

எந்தச் செய்திகள் ஒரே மறைப்பெண்ணைக் கொண்டவை என அறிவதே அரிது. செய்தியின் தொடக்கத்தில் ஒரு குறித்த இடத்தில் நிற்கும் இலக்கம், குருட்டாம்போக்கில் வருவதைப் போல் சமமாகப் பரவவில்லை என்பதை நாய்ஸும் அவருடன் பணியாற்றிய மாரிஸ் ஆலனும் கண்டனர். அச்சிறு கோணல் பூட்டைத் திறந்தது. 1943 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆர்லிங்டனிலும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இருந்த ஆய்வாளரும் இதனை உடைத்தனர். ஜப்பானியத் தரைப்படையின் உயர்நிலைச் சங்கேதங்களுள் முதன்முதல் உடைபட்டது இதுவே.

இதன் விளைவு கடலில் தெரிந்தது. துருப்புக்களையும் உணவையும் ஏற்றிய கப்பல்கள் எங்கு, எப்போது செல்லும் என்பது முன்னரே தெரிந்தமையால், நீர்மூழ்கிகளும் விமானங்களும் அவற்றைக் காத்திருந்து தாக்கின. கொல்ல மறுத்துப் போரைத் தொடங்கிய ஒருவரின் எண்ணும் நுணுக்கம், துப்பாக்கியினும் தொலைவில் பாய்ந்தது. அதனால் போர் குறுகியிருக்கலாம், மூழ்கியோரும் மனிதரே.

போருக்குப் பின் நாய்ஸ் இங்கிலாந்தில் பள்ளியாசிரியரானார். 1953 மே 21-இல், எவரெஸ்டு முயற்சியில் அன்னுல்லு என்னும் ஷெர்ப்பாவுடன் தெற்குக் கணவாயை அடைந்து, டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியை எட்ட வழி திறந்தார். 1962 ஜூலையில் பாமீர் மலையில் தவறி வீழ்ந்து இறந்தார். பிரிட்டனின் போர்க்காலச் சங்கேதப் பணி பற்றி விரிவாக எழுத 1974-இல்தான் வழி திறந்தது. மலையேறியவராகவும் நூலாசிரியராகவும் அவரை உலகு அறிந்திருந்தது. தில்லிக் குன்றின் மீது அவர் செய்த வேலை அப்போது வெளிவரவில்லை.