"பால் பல்தானே?": பல் மருத்துவரின் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

நமது இரண்டாவது மகனுக்கு எட்டு வயது இருக்கும்போது, வலது பக்கக் கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி இரவு முழுவதும் அழுதான். மறுநாள் பக்கத்து ஊர் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றோம். "எடுத்துடலாமா, இல்ல வைத்தியம் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். வைத்தியம் என்றால் மூன்று நான்கு முறை வர வேண்டும், செலவும் கூடும். "பால் பல்தானே டாக்டர், எடுத்துடுங்க. எப்படியும் விழுந்து முளைக்கப் போறதுதானே" என்றோம். அவரும் மறுத்துப் பேசவில்லை. சற்று நேரத்தில் பல் வெளியே வந்துவிட்டது. சீட்டில் '46' என்று எழுதி, பக்கத்தில் 'எக்ஸ்ட்ராக்ஷன்' என்று குறித்துக் கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஓராண்டு கழித்து வேறொரு பல்லுக்காக நகரத்தில் குழந்தைகள் பல் மருத்துவரிடம் போனபோது, அந்தச் சகோதரி பையனின் வாயைப் பார்த்துவிட்டு, "இங்க இருந்த பல் எங்கே?" என்று கேட்டார். விவரத்தைச் சொன்னோம். "ஹஜ்ரத், அது பால் பல் இல்லை. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அந்தப் பல்லுக்குப் பதிலா இன்னொண்ணு முளைக்காது" என்றார்.

மதரஸாவில் பற்களின் பெயர்களை அரபியில் மனனம் செய்தவர்கள் நாம். கல்லூரியில் பட்டமும் வாங்கியிருக்கிறோம். ஆனால் '46' என்ற இரண்டு இலக்கத்திற்குப் பொருள் தெரியவில்லை. அது தெரிந்திருந்தால் அன்றைக்கு "எடுத்துடுங்க" என்று சொல்லியிருக்க மாட்டோம். மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டார், நாம்தான் தெரியாமல் பதில் சொன்னோம். நமது வீடுகளில் இதே தவறு பரவலாக நடப்பதால் இதை எழுதுகிறோம்.

எந்தப் பல், எத்தனை?

பால் பற்கள் 20. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும். நிரந்தரப் பற்கள் 32. அவை 8 வெட்டும் பற்கள், 4 கோரைப் பற்கள், 8 முன்கடைவாய்ப் பற்கள், 12 பின்கடைவாய்ப் பற்கள். கோரைப் பல்லைச் சிலர் சிங்கப்பல் என்பார்கள்.

தஜ்வீத் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மக்ரஜ் பாடத்தில் உஸ்தாத் சொல்லித் தருவார்: தனாயா 4, ரபாஇய்யாத் 4, அன்யாப் 4, ளவாஹிக் 4, தவாஹின் 12, நவாஜித் 4. கூட்டினால் அதே 32 வரும். முதல் இரண்டும் சேர்ந்தவைதான் மருத்துவர் சொல்லும் எட்டு வெட்டும் பற்கள்; அன்யாப் கோரைப் பற்கள்; கடைசியில் வரும் நவாஜித் என்பது ஞானப்பல். வேறுபாடு நடுவில் மட்டும்தான். முன்கடைவாய்ப் பற்களில் முதலாவதைத்தான் ளவாஹிக் என்கிறார்கள். இரண்டாவது தவாஹின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 'ஸா', 'ஃபா' எழுத்துகளுக்கு மேல் முன்பற்களின் நுனியும், 'ளாத்' எழுத்துக்கு மேல் கடைவாய்ப் பற்களும் தேவை என்று படித்திருக்கிறோம். பல் போனால் உச்சரிப்பும் தடுமாறும் என்பது ஓதிக் கொடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வருகிறது. அரபியிலும் அதற்கு 'ளிர்ஸுல் அக்ல்', அதாவது அறிவின் கடைவாய்ப்பல் என்றே பெயர். சிலருக்கு அது வருவதே இல்லை. சிலருக்குத் தாடையில் இடமில்லாமல் சாய்ந்து நின்று தொல்லை கொடுக்கும்.

ஆறு வயதில் ஓசையில்லாமல் வரும் பல்

நாம் ஏமாந்தது இங்கேதான். குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், கடைசியில், மேலும் கீழும் இரு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. விழுந்து முளைப்பதுதான் நிரந்தரப் பல் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதால், விழாமலே வந்த இந்தப் பல்லையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அந்த வயதில் பிள்ளைக்குச் சரியாகப் பல் துலக்கத் தெரியாது. பல்லின் மேற்பரப்பிலோ ஆழமான பள்ளங்கள் இருக்கும். மிட்டாயும் பிஸ்கட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். வந்த ஓரிரு ஆண்டிலேயே சொத்தை ஆகும் பற்களில் இதுவும் ஒன்று.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி, முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பால் பற்கள் ஒரு பக்கத்திற்கு ஐந்துதான். இடையில் எதுவும் விழாமல் இருந்தால், ஆறாவதாக நிற்பது நிரந்தரப் பல். அது புதிதாக வந்தவுடனே அந்தப் பள்ளங்களைச் 'சீலன்ட்' என்ற பூச்சால் அடைத்துவிட முடியும். ஊசி இல்லை, வலி இல்லை.

மருத்துவர் எழுதும் எண்ணும் இதே கணக்குதான். அதில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால் பகுதி என்பதைச் சொல்லும்: நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 46 என்றால் வலது கீழ்ப்பக்கத்தின் ஆறாவது பல். பால் பல்லாக இருந்தால் முதல் இலக்கம் 5 முதல் 8 வரை வரும். 85 என்றால் அதே பக்கத்தின் ஐந்தாவது பால் பல். எனவே சீட்டில் முதல் இலக்கம் 4 அல்லது அதற்குக் குறைவு என்றால், அது நிரந்தரப் பல். சில மருத்துவர்கள் கூட்டல் குறி போல் கோடு போட்டு எழுதுவார்கள். அதில் 1 முதல் 8 வரை எண் இருந்தால் நிரந்தரப் பல், ஏ முதல் இ வரை ஆங்கில எழுத்து இருந்தால் பால் பல்.

பால் பல் விழப் போவதுதானே என்று அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று, கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்துவைக்கின்றன. முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படி எடுக்க நேர்ந்தால், இடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

ஈறுக்கு வெளியே தெரியும் பாகம் மகுடம். தாடை எலும்புக்குள் புதைந்திருப்பது வேர். மகுடத்தின் மேல் உறை எனாமல். மனித உடலில் மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லாததால், குழி விழுந்தால் தானாக வளராது. அதற்குள்ளே டென்டின். அதற்கும் உள்ளே பல்கூழ். நரம்பும் இரத்தக் குழாய்களும் இருப்பது அங்கேதான்.

சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலிக்காது. டென்டினைத் தொட்டால் ஐஸும் இனிப்பும் கூசும். பல்கூழை எட்டினால் இரவில் துடிக்கும் வலி. அதற்குப் பிறகு பலர் வீட்டில் நடப்பது: இரண்டு நாள் வலித்து, மாத்திரை போட்டு, வலி தானாக நின்றுவிடும். "அல்ஹம்துலில்லாஹ், சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். சரியாகவில்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, சில மாதங்கள் கழித்துச் சீழ்க்கட்டியாக, கன்ன வீக்கமாக வெளிப்படும். வீக்கத்துடன் காய்ச்சலோ, வாய் திறக்க முடியாமையோ, விழுங்கச் சிரமமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூச்சம் என்ற கட்டத்திலேயே போனால் அடைப்பு போதும். பல்கூழ் வரை போய்விட்டால் வேர் சிகிச்சை: கெட்ட கூழை எடுத்து, வேரின் துளைகளைச் சுத்தம் செய்து, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைத்து, மேலே தொப்பி மாட்டுவார்கள். கடைவாய்ப்பல்லில் இதைச் செய்தபின் தொப்பி மாட்டாமல் விட்டால் பல் பிளந்துவிடக்கூடும். வலி நின்றதும் தொப்பிக்குப் போகாமல் இருந்துவிடுவது நமது ஜமாஅத்தில் நாம் அதிகம் பார்க்கும் தவறு. எட்டு வயதுப் பிள்ளையின் ஆறாவது பல்லுக்கு வேரே முழுமையாக வளர்ந்திருக்காது. அது முடிய ஒன்பது, பத்து வயதாகும். அதற்கென்று தனி சிகிச்சை முறைகள் இருக்கின்றன. நமது மகனுக்கு அன்று அதைக் கேட்டிருக்கலாம்.

யாரிடம் போவது?

பி.டி.எஸ். படித்தவர் பொதுப் பல் மருத்துவர். பெரும்பாலான வேலைகளுக்கு அவரே போதும். அதற்கு மேல் எம்.டி.எஸ். படித்தவர் ஒரு துறையில் சிறப்பு மருத்துவர். குழந்தைகளுக்குப் பீடோடான்டிஸ்ட். வேர் சிகிச்சைக்கு எண்டோடான்டிஸ்ட். ஈறுக்குப் பீரியோடான்டிஸ்ட். பல் வரிசைக்குக் கம்பி போடுபவர் ஆர்த்தோடான்டிஸ்ட். செயற்கைப் பல் வைப்பவர் ப்ராஸ்தோடான்டிஸ்ட். சாய்ந்த ஞானப்பல், தாடை முறிவு, கட்டி ஆகியவற்றுக்கு வாய், முக அறுவை மருத்துவர். புகையிலை, பாக்கு போடுபவர்களுக்கு வாயில் வெள்ளைத் தழும்போ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்திற்கு மேல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்கள் சென்னையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குச் செல்லலாம்; இந்தத் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கும்.

தட்டில் இருக்கும் கருவிகள்

பிள்ளைகள் பயப்படுவது கருவிகளைப் பார்த்துத்தான். முதலில் எடுப்பவை மூன்றும் சாதாரணமானவை: சிறு வட்டக் கண்ணாடி, சொத்தையைத் தடவிப் பார்க்கும் வளைந்த கூர்முனை, பஞ்சு பிடிக்கும் இடுக்கி. 'உய்' என்று சத்தம் போடுவது காற்றால் சுழலும் துளைப்பான். பல் சூடாகாமல் இருக்க அதிலிருந்தே தண்ணீர் தெளிக்கும். எச்சிலையும் அந்தத் தண்ணீரையும் உறிஞ்சுவது வாயோரம் மாட்டும் குழாய். வேர் சிகிச்சையில் ஊசி போல் தெரிபவை உண்மையில் மெல்லிய அரங்கள்.

ஸ்கேலர் காறையைச் சுரண்டும் கருவி. இதனால் பல் ஆடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. காறை படிந்து ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருந்த பல்தான் ஆடுகிறது. அதுவரை காறை அதை மறைத்திருந்தது. பல் சுரண்டுவது நவீன காலத்துப் புதுமையும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸின் குர்துபா வட்டாரத்தில் வாழ்ந்த மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் பற்காறை சுரண்டும் கருவிகளை வகைவகையாகப் படம் வரைந்து காட்டியிருக்கிறார்.

கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் கிருமி நீக்கி, மூடிய உறையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் முன்னால் உறை பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

ரமளானில் பல் வலியைத் தள்ளிப் போடுகிறவர்களுக்காக ஒன்று. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பல் அடைத்தல், பிடுங்குதல், சுத்தம் செய்தல் ஆகியவை தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. ஐயம் இருப்பவர்கள் தங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. 46 இருந்த இடத்திற்குப் பின்னால் 47 ஈறைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கிறது. அது முன்னோக்கி நகர்ந்து காலியிடத்தை அடைக்க வாய்ப்பு இருக்கிறது என்றும், சாய்ந்துவிட்டால் கம்பி போட வேண்டியிருக்கும் என்றும் ஆர்த்தோடான்டிஸ்ட் சொல்லியிருக்கிறார். பெருநாள் முடிந்ததும் முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அந்தச் சீட்டு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது.