இழப்பற்ற ஒலிக்கோப்பு மாற்றம்

இழப்பற்ற ஒலிக்கோப்பு மாற்றம் என்பது, ஓர் எண்ணிம ஒலிக்கோப்பை அதன் ஒலித்தரவில் எதையும் இழக்காமல் வேறொரு கோப்பு வடிவத்துக்கு மாற்றுவதாகும். இவ்வாறு மாற்றப்பட்ட கோப்பிலிருந்து மூலத்தரவை ஒரு பிட் கூடப் பிசகாமல் மீளப் பெறலாம்.

எண்ணிம ஒலி

ஒலியலையின் அளவு சீரான கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவீடும் மாதிரி எனப்படும். ஒலி இறுவட்டில், இரு தடங்களில் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளன. ஒரு மாதிரியின் அளவு 16 பிட்டுகள். எனவே ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்டு இடம் தேவை. வேவ், ஏஐஎஃப்எஃப் ஆகிய வடிவங்கள் பெரும்பாலும் இம்மாதிரிகளைச் சுருக்காமல் அப்படியே கொண்டிருக்கும்.

இரு வகைச் சுருக்கங்கள்

எம்பி3, ஏஏசி போன்றவை இழப்புள்ள வடிவங்கள். உரத்த ஒலிக்கு அருகில் உள்ள மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை. இத்தகைய பகுதிகளை இவை நீக்கியோ துல்லியம் குறைத்தோ சேமிக்கின்றன. நொடிக்கு 128 கிலோபிட் வீதமுள்ள எம்பி3 கோப்பு, இறுவட்டுத் தரவில் ஏறத்தாழ 11இல் ஒரு பங்கே இருக்கும். நீக்கப்பட்ட பகுதியை எம்முறையாலும் மீட்க இயலாது.

ஃபிளாக், ஆப்பிள் லாஸ்லெஸ் ஆகியவை இழப்பற்ற வடிவங்கள். ஃபிளாக்கின் முதற் பதிப்பு 2001இல் வெளியானது. 2004இல் அறிமுகமான ஆப்பிள் லாஸ்லெஸ் 2011இல் திறந்த மூலமாக்கப்பட்டது.

ஃபிளாக் செயற்படும் முறை

ஃபிளாக், முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரியைக் கணிக்கிறது. எடுத்துக்காட்டாக 100, 103, 106 என்ற மாதிரிகளை அடுத்து 109 வரும் எனக் கணிக்கலாம். உண்மை மதிப்பு 108 எனில், −1 என்னும் வேறுபாடு மட்டும் சேமிக்கப்படும். சிறிய எண்களுக்குக் குறைந்த பிட்டுகளே போதும். கோப்பைத் திறக்கும்போது அதே கணிப்புடன் வேறுபாட்டைக் கூட்டினால் 108 மீண்டும் கிடைக்கும். இசையின் தன்மையைப் பொறுத்து, கோப்பு பொதுவாக மூலத்தின் 50 முதல் 70 விழுக்காடாகச் சுருங்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* எம்பி3 கோப்பை வேவ் அல்லது ஃபிளாக் ஆக்கினால் அளவு பெருகும், தரம் உயராது.
* ஓர் இழப்புள்ள வடிவத்திலிருந்து மற்றோர் இழப்புள்ள வடிவத்துக்கு மாற்றினால், முன்னர் ஏற்பட்ட இழப்புடன் புதிய இழப்பும் சேரும்.
* 24 பிட் மாதிரிகளை 16 பிட்டாகக் குறைத்தாலும், மாதிரியெடுப்பு வீதத்தை மாற்றினாலும், அம்மாற்றம் இழப்பற்றதன்று.
* கொள்கலனை மட்டும் மாற்ற வேண்டுமெனில் மீண்டும் குறியாக்கம் செய்யத் தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்கள் ஒலித்தரவை அப்படியே படியெடுத்துத் தரும்.

சரிபார்த்தல்

மூல ஒலித்தரவிலிருந்து கணிக்கப்பட்ட எம்டி5 மதிப்பை ஃபிளாக் கோப்பில் சேமிக்கலாம். கோப்பை விரித்துப் பெறும் தரவின் மதிப்பு இதனுடன் ஒத்திருந்தால், மாற்றம் பிழையின்றி நடந்துள்ளது எனக் கொள்ளலாம். ஆயினும், மூலமே எம்பி3இலிருந்து உருவாக்கப்பட்டதா என்பதை இச்சோதனை காட்டாது.

பாதுகாப்பு

பழைய ஒலிநாடாக்கள் காலப்போக்கில் சிதைவுறுகின்றன. அவற்றை எண்ணிமமாக்கும்போது எம்பி3 வடிவில் மட்டும் சேமித்துவிட்டு நாடாவை இழந்தால், அக்குறைந்த தரமே எஞ்சும். ஆகவே இழப்பற்ற வடிவில் ஒரு மூலப்படியை வைத்துக்கொண்டு, கேட்பதற்கும் பகிர்வதற்கும் வேண்டிய சிறிய கோப்புகளை ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே உருவாக்குதல் நன்று.