முறை வைத்து மீன் பிடிக்கும் மூன்று குப்பங்கள்

நிலத்துக்கு வரப்பு உண்டு, வேலி உண்டு. தண்ணீருக்கு வேலி ஏது? ஒரே ஏரியில் பல ஊர்க்காரர்கள் வலை வைத்தால் சண்டை வராதா?

வரத்தான் செய்யும். சண்டை வராமல் இருக்கப் பழவேற்காட்டு மீனவர்கள் ஒரு வழி வகுத்தார்கள். அதன் பெயர் "பாடு".

பெரிய ஏரி

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிச் சென்றால் பழவேற்காடு. அங்கே கடலை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் உள்ளது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இத்தகைய ஏரிகளில், இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது. ராக்கெட் விடும் இடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த தீவு அது.

டச்சுக்காரர் கோட்டை

ஒரு காலத்தில் பழவேற்காடு பெரிய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். ஜெல்டிரியா கோட்டை என்று அதற்குப் பெயர். இங்கிருந்து துணி மூட்டைகள் கப்பலேறின. அடிமைகளாக மனிதர்களும் கப்பலில் ஏற்றப்பட்டார்கள்.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

கப்பல்கள் போய்விட்டன. வலைகள் போகவில்லை.

எது நல்ல இடம்?

இறால் கடலில் முட்டை இடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளருகின்றன. வளர்ந்த பிறகு, ஏரி நீர் கடலுக்கு இறங்கும்போது அதோடு திரும்பிப் போகின்றன. ஆகவே முகத்துவாரத்துக்கு அருகே வலை கட்டுகிறவருக்கு வேட்டை. தள்ளி இருப்பவருக்கு அவ்வளவு கிடைக்காது.

நல்ல இடம் ஒருவருக்கே போனால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியுமா? அதற்குத்தான் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் பாடு உரிமை உள்ளவை. எந்த நாளில் எந்த ஊர், எந்த இடத்தில் வலை வைப்பது என்று முறை உண்டு. ஊருக்குள்ளும் முறை உண்டு. ஊர்க் கணக்கில் பெயர் உள்ளவர்களைத் "தலைக்கட்டு" என்பார்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வரும். இன்று குறைந்த மீன் உள்ள இடம் கிடைத்தவருக்கு நாளை நல்ல இடம் வரும்.

தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசும்.

வெளியே நிற்பவர்கள்

எல்லாருக்கும் இந்த முறை நியாயமாகப் படவில்லை. ஏரியைச் சுற்றிலும் இன்னும் எத்தனையோ குப்பங்கள் உள்ளன. அவற்றுக்குப் பாடு உரிமை கிடையாது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை வந்த பிறகு, "எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்ற குரல் ஓங்கியது. மோதல்களும் நடந்தன.

இருளர் குடும்பங்கள் வலை இல்லாமலே பிழைக்கின்றன. ஆண்களும் பெண்களும் ஆழமில்லாத நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததை ஓலைப் பறியில் போடுவார்கள். ஊரில் உள்ள முஸ்லிம் பெண்கள் பலருக்குப் பனை ஓலைப் பெட்டி முடைவது கைத்தொழில்.

வாசல் அடைத்தால்

இத்தனை பேருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அது முகத்துவாரம். கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலை அடைத்துவிடுகிறது. அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு வெளியே போகாது. மழை இல்லாத மாதங்களில் ஏரி நீர் வற்றி உப்புக் கரிக்கும். வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை.

2004 டிசம்பர் 26-ந்தேதி வந்த சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. அதன் பிறகும் மீனவர்கள் வலையை எடுத்துக்கொண்டு அதே தண்ணீருக்குத்தான் திரும்பினார்கள்.

டச்சுக்காரர் கல்லில் கட்டிய கோட்டை நிற்கவில்லை. மீனவர்கள் வாய்ப்பேச்சில் கட்டிய முறை தலைமுறை தலைமுறையாக நின்றது. அதில் இடம் இல்லாதவர்களுக்கும் இடம் கொடுத்து, ஏரியின் வாசலும் திறந்திருந்தால், அந்த முறை இன்னும் பல தலைமுறைக்குச் சோறு போடும்.